கச்சேரி முடிந்து இருபது நிமிடம்: மேசை போட்டு சிடி விற்பவர்களின் கணக்கு

அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊர். நூறு, நூற்றைம்பது பேர் நின்றபடியே பாட்டுக் கேட்கும் ஒரு கிளப். கடைசிப் பாட்டு முடிந்து விளக்கைப் போடுகிறார்கள். வாசலுக்குப் போகிற வழியில் ஒரு மடக்கு மேசை. அதன்மேல் சிடிக்கள், பத்துப் பன்னிரண்டு வினைல் தட்டுகள், மடித்து வைத்த டி-ஷர்ட்கள், விலை எழுதிய ஓர் அட்டை. சற்றுமுன் மேடையில் கிட்டாரோடு நின்ற பெண், வியர்வைகூடக் காயாமல் மேசைக்குப் பின்னால் வந்து நிற்கிறார். யாரோ ஒருவர் பதினைந்து டாலரை நீட்டுகிறார். சிடியின் உறையைப் பிரித்து, பெயர் கேட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்.

இதற்கு அங்கே ‘மெர்ச் டேபிள்’ என்று பெயர். மெர்ச்சண்டைஸ், அதாவது விற்பனைச் சரக்கு என்பதன் சுருக்கம்தான் மெர்ச். பெரிய கம்பெனியின் தயவில்லாமல் ஊர் ஊராக வேனில் போய் வாசிக்கிற குழுக்களில் பலருக்கு, அன்றைய பெட்ரோலும் சாப்பாடும் இந்த மேசையிலிருந்துதான் வரும்.

பாட்டுக் கேட்பதற்காக இன்று யாரும் சிடி வாங்க வேண்டியதில்லை. போனைத் தட்டினால் அதே பாட்டு ஓடும். வாங்குகிறவருக்கும் அது தெரியும். சிலர் வீட்டில் சிடி பிளேயரே கிடையாது. என் கதையும் அதுதான். மார்கழிக் கச்சேரிகளில் சபா முகப்பில் வாங்கிய சிடிக்கள் முப்பதுக்கு மேல் அலமாரியில் இருக்கின்றன, போட்டுக் கேட்கக் கருவி இல்லை. இருந்தும் வாங்கினேன். இப்போதுதான் கேட்டது காதில் நிற்கும்போது, அதில் கொஞ்சத்தைக் கையோடு எடுத்துப் போக வேண்டும் போலிருக்கும். மறுநாள் காலையில் அந்த எண்ணம் பாதியாகிவிடும். மேசை வியாபாரம் முழுக்க அந்த எண்ணம் சூடாக இருக்கிற நேரத்தை நம்பித்தான் நடக்கிறது. மிஞ்சிப்போனால் இருபது நிமிடம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம்.

ஆயிரம் சிடி, அட்டை உறையோடு, பிரதிக்கு ஒன்றரை டாலர் வீதம் அச்சடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் விலை 15 டாலர். கூட்டம் 120 பேர், வாங்கியவர்கள் 12 பேர். பத்தில் ஒருவர். கைக்கு வந்தது 180 டாலர். சிடி, வினைல் விற்பனையில் பத்து சதவீதம் பங்கு கேட்கும் கிளப் என்றால் 18 டாலர் போய்விடும். எல்லோரும் கார்டைத் தேய்த்திருந்தால் அந்தக் கட்டணம் சுமார் 6 டாலர். பன்னிரண்டு சிடியின் அச்சுச் செலவு இன்னொரு 18. மீதி 138 டாலர்.

இதே 138 டாலரை ஸ்ட்ரீமிங்கில் சம்பாதிக்க என்ன ஆகும்? ஸ்பாட்டிஃபை போன்ற நிறுவனங்கள் ஒரு கேட்புக்கு இவ்வளவு என்று நிலையான விலை தருவதில்லை. மொத்த வருமானத்தைப் பங்கு பிரிக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் ஒரு கேட்புக்கு ஒரு சென்டில் பாதியைத் தொடுவதே அபூர்வம். 0.4 சென்ட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 34,500 முறை பாட்டு ஓட வேண்டும். பன்னிரண்டு பேர் செய்த வேலை! அதிலும் 2024 முதல், ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது ஓடவில்லை என்றால் அதன் ஒலிப்பதிவுக்குப் பணமே கிடையாது. புதிதாகத் தொடங்குகிறவர்களின் பாட்டுகள் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும்.

இதைக் கேட்டதும் ஆகா, மேசை ஒன்று போதுமே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். மேலே போட்ட கணக்கில் ஸ்டுடியோ செலவு சேரவில்லை. ஒலிப்பதிவு, மிக்ஸிங், மாஸ்டரிங், உறைக்கு ஓவியம் எல்லாம் சேர்த்து 6,000 டாலர் என்று வையுங்கள். ஒரு சிடிக்குக் கையில் நிற்பது பதினொன்றரை டாலர். அந்த ஆறாயிரத்தை எடுக்கவே 520 சிடிக்கு மேல் விற்க வேண்டும். இரவுக்கு 12 வீதம் 44 கச்சேரி. அதற்குப் பிறகுதான் லாபம். அதுவரை மீதிச் சிடிக்கள் யார் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலோ பெட்டி பெட்டியாக இருக்கும். இசைக்காரர்களின் வீட்டுக்குப் போனவர்கள் அந்தப் பெட்டிகளைப் பார்த்திருப்பார்கள். ஆயிரம் அடித்தால் ஒன்றின் விலை குறைகிறதே என்று ஆசைப்பட்டு அடித்துவிட்டு, அறுநூறை வைத்துக்கொண்டு விழிப்பதுதான் முதல் ஆல்பம் போடுகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு. விலை கூடினாலும் முதலில் முந்நூறு அடிப்பது நல்லது என்பது என் கட்சி.

இன்னொரு செலவையும் பலர் மறந்துவிடுவார்கள். ஆல்பத்தில் வேறொருவர் எழுதிய பாட்டு ஒன்று இருந்தால், அடிக்கிற ஒவ்வொரு பிரதிக்கும் அந்தப் பாட்டை எழுதியவருக்கு உரிமத் தொகை போக வேண்டும். அமெரிக்காவில் இதைச் சட்டப்படியே நிர்ணயித்திருக்கிறார்கள். 2006 முதல் 2022 வரை ஒரு பாட்டுக்கு, ஒரு பிரதிக்கு 9.1 சென்ட் என்று அசையாமல் இருந்தது. 2023-இல் 12 சென்ட் ஆனது, 2025-இல் 12.7. ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட பாட்டுக்கு இது, நீளமானால் நிமிடக் கணக்கில் கூடும். ஆயிரம் சிடியில் அப்படி ஒரே ஒரு பாட்டு இருந்தாலும், 2025 விகிதத்தில் 127 டாலர். ஏறத்தாழ நாம் பார்த்த ஒரு ராத்திரியின் முழு லாபம்.

ஒலிப்பதிவு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டவர்கள் நிலைமை வேறு. பழைய பாணி ஒப்பந்தத்தில் கலைஞருக்கு ராயல்டி நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இருக்கும். அதுவும், ஸ்டுடியோவுக்கும் விளம்பரத்துக்கும் கம்பெனி முன்பணமாகக் கொடுத்ததெல்லாம் கழிந்த பிறகுதான் கைக்கு வரும். சிலருக்குக் கடைசிவரை கழியாது. இவர்களும் கச்சேரியில் மேசை போடலாம். ஆனால் தன் சிடியைத் தானே கம்பெனியிடம் மொத்த விலைக்கு வாங்கி வந்து விற்க வேண்டும். தான் பாடியதைத் தானே காசு கொடுத்து வாங்குவதா என்று கேட்கத் தோன்றும். ஆனாலும் ராயல்டிக்காகக் காத்திருப்பதைவிட இதில் கைக்கு வருவது அதிகம். ஏழு டாலருக்கு வாங்கி பதினைந்துக்கு விற்றால் எட்டு டாலர் அன்றைக்கே பையில். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ‘கச்சேரியில் விற்க எனக்கு என்ன விலைக்குத் தருவீர்கள்’ என்று கேட்டு வாங்கி எழுதிக்கொள்ள வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

கம்பெனியே வேண்டாம் என்று மேசையிலிருந்து தொடங்கி வளர்ந்தவர்களும் உண்டு. கனடாவின் லொரீனா மெக்கெனிட் 1985-இல் சொந்தமாக ஆல்பம் பதிவுசெய்து கேசட் போட்டார். டொரொன்டோவின் செயின்ட் லாரன்ஸ் சந்தைப் பக்கம் தெருவோரத்தில் ஹார்ப் வாசித்துக்கொண்டே அந்த கேசட்டுகளை விற்றார். அதற்காகத் தொடங்கிய சொந்த லேபிள், அதாவது பாட்டு வெளியிடும் நிறுவனம், குவின்லன் ரோடு. இன்றும் அது அவருடையதுதான். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்துக்காரர் ஆனி டிஃப்ராங்கோவும் இதே வழி. 1990 வாக்கில் ரைச்சஸ் பேப் என்று சொந்த லேபிள் தொடங்கினார், ஊர் ஊராகக் காரில் போய் வாசித்து, முடிந்ததும் கேசட் விற்றார். பெரிய கம்பெனிகள் வந்து கேட்டபோது முடியாது என்றார். சொந்தச் சரக்கை விற்பதால் ஓர் ஆல்பத்துக்கு அவர் கையில் நிற்கும் தொகை பெரிய நட்சத்திரங்களைவிட அதிகம் என்று பத்திரிகைகள் வியந்து எழுதத் தொடங்கின. 1997-இல் அவர் ஒரு பத்திரிகைக்குத் திறந்த கடிதம் எழுதினார்: என்னைப் பற்றிச் சொல்ல உங்களுக்கு இந்தக் காசுக் கணக்குதான் கிடைத்ததா என்று, சாரத்தில். கணக்கு சரிதான். ஆனால் எத்தனை வருடம், எத்தனை ஆயிரம் மைல் கார் ஓட்டி வந்த கணக்கு அது என்பதை யாரும் எழுதவில்லை.

இனி, மேலே பத்து சதவீதம் என்று சாதாரணமாகத் தாண்டிவந்தோமே, அரங்கத்தின் பங்கு, அதைப் பார்ப்போம். இந்தத் துறையில் இன்றைக்குச் சண்டை அதைப் பற்றித்தான்.

பல கிளப்களும் தியேட்டர்களும் மெர்ச் விற்பனையில் ஒரு பகுதியைத் தங்களுக்கு எடுத்துக்கொள்கின்றன. பொதுவாகத் துணிமணிக்கு 20 சதவீதம் அல்லது அதற்கு மேல், ஒலிப்பதிவுகளுக்குப் பத்து போல. பெரிய அரங்கங்களில் முப்பதையும் தாண்டும். இது லாபத்தில் எடுப்பது இல்லை, மொத்த விற்பனையில் எடுப்பது. அச்சுச் செலவு, கார்டு கட்டணம், வரி எல்லாம் இசைக்குழுவின் தலையில். பெரிய அரங்கம் தன் ஆட்களை நிறுத்தி, பத்து இடத்தில் கடை போட்டு விற்றுத் தருகிறது என்றால் அந்தப் பங்கில் ஒரு நியாயம் இருக்கிறது. மூலையில் ஒரு மடக்கு மேசைக்கு இடம் காட்டிவிட்டு இருபது சதவீதம் கேட்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

2023 ஜனவரியில் அமெரிக்க செனட்டின் நீதிக் குழு டிக்கெட் வியாபாரத்தைப் பற்றி விசாரணை நடத்தியது. லாரன்ஸ் என்ற இசைக்குழுவின் கிளைட் லாரன்ஸ் அங்கே சாட்சி சொன்னார். எங்கள் மெர்ச் விற்பனையில் அரங்கம் இருபது சதவீதம் எடுக்கிறது, அவர்களுடைய மற்ற வருமானங்களில் எங்களுக்குப் பங்கு பூஜ்யம் என்பது அவர் வாதம். கோட் வைக்கிற இடத்துக்கு வாங்கும் காசிலிருந்து எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொன்னார். கூட்டம் யாருக்காக வந்தது என்று யோசித்தால் அவர் வாதத்துக்குப் பதில் சொல்வது கஷ்டம். அதே வருடம் செப்டம்பரில், உலகின் மிகப் பெரிய கச்சேரி நிறுவனமான லைவ் நேஷன், தன் 77 கிளப்களில் மெர்ச் பங்கு கிடையாது என்று அறிவித்தது. பிரிட்டனில் அதற்கு முந்தைய வருடம் ஜனவரியிலேயே ஃபீச்சர்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கோயலிஷன் என்ற கலைஞர் அமைப்பு, பங்கு எடுக்காத அரங்கங்களின் பட்டியல் ஒன்றைத் தொடங்கியது. பங்கு அதிகம் கேட்கிற இடத்தில் மேசையே போடாமல், வெளியே நிற்கிற வேனின் பின்கதவைத் திறந்து வைத்து விற்கிற குழுக்களும் உண்டு.

வரி தனி. அமெரிக்காவில் 45 மாநிலங்களில் மாநில விற்பனை வரி இருக்கிறது, விகிதம் இடத்துக்கு இடம் மாறும். இன்று ஒரு மாநிலம், நாளை இன்னொன்று என்று போகிற குழு ஒவ்வோர் இடத்திலும் கணக்குக் காட்ட வேண்டும். அதனால் வரியைச் சேர்த்தே முழு ரூபாயாக, அதாவது முழு டாலராக, விலை வைப்பார்கள். 13 டாலர் 85 சென்ட் என்று வைத்து, இருட்டில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்கிறவர் போய்விடுவார்.

இருபது நிமிடத்தை எப்படி வீணாக்காமல் இருப்பது என்பதில் இவர்களுக்குத் தனி ஞானம் இருக்கிறது. மேசை வாசல் வழியில் இருக்க வேண்டும், கழிப்பறைப் பக்கம் கூடாது. விலை அட்டை பத்தடி தள்ளி நின்றாலும் தெரிய வேண்டும்: விலை கேட்கக் கூச்சப்படுகிறவர் கேட்காமலே போய்விடுவார். மேடையில் ஒரு தடவை, கடைசிக்கு முந்தின பாட்டுக்கு முன்னால், ‘பின்னாடி மேசையில் இருப்பேன், வந்து ஹலோ சொல்லுங்கள்’ என்று சொல்ல வேண்டும். வாங்குங்கள் என்று சொல்வதைவிட இது நன்றாக வேலை செய்யும். அப்புறம், பாடினவரே மேசைக்கு வர வேண்டும். கருவிகளைச் சுருட்டி வேனில் ஏற்றிவிட்டு நிதானமாக வந்தால் கூட்டம் கலைந்திருக்கும். ஆகையால் ஒருவர் சுருட்ட, ஒருவர் மேசைக்கு ஓட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். நம் சபாக்களில் இந்தக் காட்சி அபூர்வம். மேசை இருந்தாலும் அங்கே உட்கார்ந்திருப்பவர் கடைக்காரர். பாடியவர் கிரீன் ரூமில் ரசிகர்கள் நடுவில் இருப்பார்.

எதை விற்பது என்பதும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2022-இல் அமெரிக்காவில் வினைல் தட்டுகள் எண்ணிக்கையில் சிடியை முந்தின, 1987-க்குப் பிறகு முதல் முறையாக. சுமார் 41 மில்லியனுக்கு 33 மில்லியன். தட்டின் விலை இருபத்தைந்து முப்பது டாலர், பெரிய உறை, கையெழுத்துப் போட தாராளமான இடம். ஆனால் அடிக்கச் செலவு பல மடங்கு, ஒரு பெட்டியைத் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும், வெயிலில் பூட்டிய வேனில் விட்டால் அப்பளமாக நெளிந்துவிடும். பாட்டை இறக்கிக்கொள்ள ரகசிய எண் அச்சடித்த சின்ன அட்டைகளும் விற்கிறார்கள். இசைக்காரர்கள் தங்கள் பாட்டை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளம் 2008-இல் வந்த பிறகு அது சுலபம். எடையே இல்லாத சரக்கு. ஆனால் அட்டையை மட்டும் வாங்க மனிதர்களுக்குக் கை வருவதில்லை. உறை, புத்தகம், ஓவியம் என்று ஏதாவது ஒன்றோடு சேர்த்துக் கொடுத்தால் போகும்.

ஒரு காலத்தில் இதைவிடப் பெரிய யோசனை ஒன்று வந்தது. இன்று நடந்த கச்சேரியையே இன்றே சிடியாக விற்றால் என்ன? 2000-களின் தொடக்கத்தில் வெற்று சிடியில் பாட்டைப் பதியும் கருவிகள் மலிவாகி, கோபுரம் போல அடுக்கி ஒரே நேரத்தில் பல பிரதி எடுக்க முடிந்தது. ரேடியோ, கச்சேரி வியாபாரத்தில் இருந்த கிளியர் சேனல் நிறுவனம் 2003-இல் ‘இன்ஸ்டன்ட் லைவ்’ என்ற பெயரில் பாஸ்டன் பக்கத்து கிளப்களில் இதை ஆரம்பித்தது. கடைசிப் பாட்டு முடிந்து சில நிமிடங்களில் அந்தக் கச்சேரியின் சிடி கையில். 2004-இல் பிக்ஸீஸ் என்ற ராக் குழு வருடங்கள் கழித்து மறுபடி சேர்ந்து சுற்றுப்பயணம் போனபோது, டிஸ்க்லைவ் என்ற வேறொரு நிறுவனம் ஒவ்வொரு கச்சேரியையும் பதிவுசெய்து அளவான எண்ணிக்கையில் அங்கேயே விற்றது. நானும் இருந்தேன் என்று சொல்ல இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

பிறகு கிளியர் சேனல் ஒரு காப்புரிமையைக் கையில் எடுத்தது. கச்சேரி நடக்கும்போதே பதிவுசெய்து, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, முடிந்ததும் பிரதி எடுத்து விற்கும் முறைக்கான காப்புரிமை. கண்டுபிடித்தவர்களிடமிருந்து அதை விலைக்கு வாங்கியிருந்தது. இனி இப்படி விற்க வேண்டுமானால் எங்களிடம் உரிமம் வாங்குங்கள் என்றது. தன் கச்சேரியைத் தன் ரசிகர்களுக்குத் தானே விற்க இசைக்குழு இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று ஆயிற்று. டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் இதை எதிர்த்துக் காப்புரிமை அலுவலகத்துக்குப் போனது. டெலக்ஸ் என்ற கம்பெனி அந்தக் காப்புரிமைக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே இதே மாதிரி ஒரு கருவியைச் செய்திருந்தது என்று காட்டியது. 2007-இல் காப்புரிமை அலுவலகம் அதை ரத்து செய்ய முடிவெடுத்தது. அதற்குள் சிடியின் காலமே இறங்கத் தொடங்கிவிட்டது.

கடைசியாக, இந்த மேசையே வேண்டாம் என்ற குழு ஒன்று. வாஷிங்டனின் ஃபுகாஸி. 1987-இல் தொடங்கி 2002 வரை வாசித்தார்கள். டிக்கெட் பெரும்பாலும் 5 டாலர்தான், கச்சேரியில் டி-ஷர்ட் விற்கவே மாட்டோம் என்று பிடிவாதம். ஆல்பங்கள் டிஸ்கார்ட் என்ற சொந்த லேபிளில் வெளியாகின. மெர்ச் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் அவர்களுடைய ஒலிப்பொறியாளர்கள் இரவுக்கு இரவு மேடையிலிருந்து பதிவுசெய்து வைத்துக்கொண்டே வந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகளில் எண்ணூற்றுக்கு மேல் பதிவாகியிருந்தன. 2011 டிசம்பரில் அவற்றை ஒவ்வொன்றாக இணையத்தில் போடத் தொடங்கினார்கள். தேதியையும் ஊரையும் தேடி, பல வருடங்களுக்கு முன் தான் போய் நின்ற அதே ராத்திரியை ஒருவர் வாங்கிக் கேட்கலாம். ஒரு கச்சேரிக்கு அவர்கள் வைத்த விலை, அன்று வாசலில் வாங்கிய அதே 5 டாலர்.